"இனிமே என்ன இருக்கு" என்று சொல்லும் அம்மா: ஆஸ்பத்திரிப் படுக்கையில் லேசான மனச்சோர்வும் மறதியும்

கேள்வியின் சுருக்கம்: அம்மாவுக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. மூன்றாவது வாரமாக வார்டில் இருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. காலையில் யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் என்ன செய்யலாம் என்று பேச்சைத் தொடங்கினால் "இனிமே என்ன இருக்கு" என்கிறார். மனநல டாக்டர் பார்த்துவிட்டு "லேசான டிப்ரஷன்" என்றார். ஞாபகச் சோதனையிலும் மதிப்பெண் கொஞ்சம் குறைவு. இது டிமென்ஷியா என்கிற மறதி நோயின் ஆரம்பமா? மாத்திரை அவசியமா? கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

முதியோர் வார்டுகளில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. உளவியலாளர், மருந்து எழுதும் டாக்டர் அல்ல. அதனால் மருந்து பற்றி வரும் இடத்தில் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

நீங்கள் பேச்சுக் குறைவு, மறதி, எதிர்காலம் பற்றிய விரக்தி என்று மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் இவை மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருபவை. லேசான மனச்சோர்வு வந்த வயதானவருக்குப் பழைய வாழ்க்கை மறந்துபோவதில்லை. அதிலிருந்து குறிப்பிட்ட ஒரு நாளை, ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்வதுதான் கஷ்டமாகிறது. நாளைக்கு நடக்கப்போவதை மனசில் வரைந்து பார்க்கவும் அதே சம்பவங்கள்தான் கச்சாப்பொருள். அது கைக்கு வராதபோது எதிர்காலமும் வெறுமையாகத் தெரிகிறது. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்யக்கூடியது எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துவிட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு வரும் திடீர் மனக்குழப்பத்தை டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். கத்துவது, டியூப்பைப் பிடுங்குவது, "சுவரில் யாரோ நிற்கிறார்கள்" என்பது மாதிரி வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னொரு வகை உண்டு, அமைதியானது. நோயாளி பேசாமல், கண்ணை மூடிக்கொண்டு, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கிடப்பார். வார்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. "பாட்டி நல்ல பேஷண்ட்" என்று பெயர் வேறு. டிப்ரஷன் என்று அனுப்பப்படுகிறவர்களில் சிலர் உண்மையில் இந்த வகைதான்.

வித்தியாசத்தை நீங்களே கவனிக்கலாம். டெலிரியம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும், காலையில் தெளிவு, சாயங்காலம் குழப்பம் என்று ஏறி இறங்கும், கவனம் நிற்காது. கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன்... மனச்சோர்வு உள்ளவர் சலித்துக்கொண்டே, மெதுவாக, பெரும்பாலும் சொல்லி முடித்துவிடுவார். டெலிரியத்தில் இருப்பவர் நடுவிலேயே நூலை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுவார். அப்படி இருந்தால் டியூட்டி டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், வலி, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை என்று காரணம் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடியதாகவே இருக்கும். அப்புறம், அம்மாவின் மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் எங்கே? "தொலைந்துவிடும்" என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் இன்றைக்கே கொண்டுவாருங்கள். சரியாகக் கேட்காத, பார்க்க முடியாத ஒருவருக்கு ஞாபகச் சோதனை வைத்து என்ன பயன்?

டெலிரியம் இல்லை என்று ஆகிவிட்டால், "லேசான டிப்ரஷன்" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். முதியவர்களுக்கென்றே ஒரு மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது. யெசாவேஜ் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1980-களின் தொடக்கத்தில் 30 கேள்விகளோடு உருவாக்கினார்கள். 1986-இல் அது 15 கேள்வியாகச் சுருங்கியது. ஆம், இல்லை என்று சொன்னால் போதும். பசி, தூக்கம், உடல் எடை பற்றி அதில் கேள்வி வைக்கவில்லை. காரணம், எழுபது வயதில் உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவருக்குப் பசி இல்லாததும் தூக்கம் வராததும் மனசைக் காட்டுமா உடம்பைக் காட்டுமா என்று பிரிக்க முடியாது. 15-க்கு 5-ஓ அதற்கு மேலோ வந்தால் விசாரிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 5 முதல் 8 வரை வந்தால் லேசானது என்பார்கள். அது சல்லடைதான், தீர்ப்பு இல்லை. "வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா?" என்று அதில் ஒரு கேள்வி. இடுப்பில் தையல் போட்டுப் படுத்திருப்பவரிடம் இதைக் கேட்கும்போது எனக்கே சிரிப்பு வரும். "மற்றவர்களைவிட உங்களுக்கு ஞாபக மறதி அதிகம் என்று நினைக்கிறீர்களா?" என்று இன்னொன்று. "என் நிலைமைக்கு விடிவே இல்லை என்று தோன்றுகிறதா?" என்றும் ஒன்று உண்டு. அதாவது மறதிப் புலம்பலும் எதிர்காலம் பற்றிய நம்பிக்கையின்மையும் மனச்சோர்வின் அடையாளமாகவே அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, டிமென்ஷியா கேள்விக்கு வருவோம். மனச்சோர்வு டிமென்ஷியா வேஷம் போடும் என்பது பழைய செய்தி. கைலோ என்ற மனநல மருத்துவர் 1961-லேயே இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. மனச்சோர்வில் இருப்பவர் "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை" என்று தானே புலம்புவார், ஆனால் அன்றாடத்தில் அவ்வளவு தடுமாற்றம் இருக்காது. கேள்வி கேட்டால் முயற்சி செய்யாமலேயே "தெரியாது" என்பார். கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் வந்துவிடும். "காலையில் யாரோ பச்சைப் புடவையில் வந்தாங்களே?" என்றால் "ஓ, பக்கத்து வீட்டுச் சரோஜாவா" என்பார். அல்சைமர் வகை டிமென்ஷியாவில் நிலைமை வேறு. மறதி இருப்பதை அவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார், விடையை மழுப்பிச் சமாளிப்பார், எடுத்துக் கொடுத்தாலும் அந்தச் சந்திப்பு பதிவாகியே இருக்காது. விழுவதற்கு முந்தைய மாதங்களை யோசித்துப் பாருங்கள். கேஸ் அடுப்பை அணைக்க மறந்தாரா, தெரிந்த தெருவில் வழி தப்பினாரா, ரேஷன் கடைக்காரரிடம் பணக் கணக்கில் குழம்பினாரா? இவை எதுவும் இல்லாமல் எல்லாம் வார்டுக்கு வந்த பிறகுதான் என்றால் மனச்சோர்வின் பக்கம் தராசு சாய்கிறது.

வார்டில் எடுத்த ஞாபகச் சோதனை மதிப்பெண்ணை வைத்து யாரும் பயப்பட வேண்டாம். "இன்றைக்கு என்ன தேதி?" என்பது அதில் ஒரு கேள்வி. மூன்று வாரம் வார்டில் படுத்தால் யாருக்குத் தேதி தெரியும்? எங்கள் பாட்டிமார் பலருக்கு ஆங்கிலத் தேதி என்றைக்குமே ஒரு பொருட்டு இல்லை. "ஆவணி பிறந்து நாலு நாள் ஆகுது, நாளைக்குச் சஷ்டி" என்று சரியாகச் சொல்லுவார். கேட்பவர் அதைத் தவறு என்று குறித்துக்கொண்டு போவார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கு ஞாபகச் சோதனையே அல்ல, கணக்குப் பரீட்சை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வயதான காலத்தில் முதல்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்குப் பின்னால் வரப்போகும் டிமென்ஷியாவின் முன்னறிவிப்பாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அதனால் "டிப்ரஷன்தான், விட்டுவிடலாம்" என்பதும் சரியல்ல.

இப்போது முக்கியமான விஷயம். 1986-இல் இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்ற இருவர், தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களிடம் ஒரு எளிய சோதனை செய்தார்கள். "சந்தோஷம்" மாதிரி ஒரு சொல்லைச் சொல்லி, அதையொட்டி உங்கள் வாழ்க்கையில் குறிப்பாக ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்கள் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்த மற்றவர்கள் ஒரு சம்பவத்தைச் சொன்னார்கள். இவர்களோ "நடக்கப் போகும்போது சந்தோஷமா இருக்கும்" என்கிற மாதிரிப் பொதுவாகச் சொன்னார்கள். அதன்பின் மனச்சோர்வு உள்ளவர்களிடம் திரும்பத் திரும்பச் செய்த ஆய்வுகளில் இதே போக்கு தெரிந்தது. பஸ் பலகையில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ஊருக்குள் இறங்காமலேயே திரும்பிவிடுவது மாதிரி. "கல்யாண வாழ்க்கை நல்லாத்தான் இருந்தது", "பிள்ளைங்கள வளர்க்கப் பட்ட பாடு இருக்கே" என்பதோடு நின்றுவிடும். எந்த நாள், எந்த இடம், யார் என்ன சொன்னார்கள் என்பது வராது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு வில்லியம்ஸ் பின்னாளில் மூன்று காரணம் சொன்னார். ஒன்று, பழையதைத் தேடப்போன மனசு பாதியிலேயே "நான் யாருக்கும் உபயோகம் இல்லை" மாதிரி நினைப்பில் சிக்கி அங்கேயே சுற்றுகிறது. இரண்டு, வலிக்கிற சம்பவத்தைத் தொடாமல் இருக்க மனசே விவரத்துக்குள் இறங்காமல் மேலோட்டமாக நின்றுவிடுகிறது. மூன்று, தேடிப் பிடிக்கத் தேவையான கவனத் திறன் குறைந்திருக்கிறது. வயதானவரிடம் இந்த மூன்றாவது ஏற்கெனவே கொஞ்சம் குறைந்திருக்கும். வார்டு வாழ்க்கை அதை இன்னும் கெடுக்கும். ஐந்தரைக்கு லைட்டைப் போடுவார்கள், ரத்தம் எடுப்பார்கள், இட்லி வரும், ரவுண்ட்ஸ் வரும், மறுபடி ஊசி. நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி. ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துக் காட்ட எதுவும் இல்லாதபோது எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வது?

இதற்கும் எதிர்காலத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது மனச்சோர்வு ஆராய்ச்சி அல்ல, மூளைக் காயம். கனடாவில் 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரை எண்டல் டல்விங் என்ற நினைவாற்றல் ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருக்குப் பொது அறிவு இருந்தது, பேச்சு இருந்தது. தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம்கூட நினைவில் இல்லை. "நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டபோது அவருக்கு அங்கேயும் வெறுமைதான். நேற்றை யோசித்தாலும் நாளையை யோசித்தாலும் ஒரே மாதிரி வெறுமை என்றார். 2007-இல் லண்டனில், மூளையில் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னபோது துண்டுதுண்டாகத்தான் வந்தது. (அந்த ஆய்வை நடத்திய டெமிஸ் ஹசாபிஸ்தான் பிறகு செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போய் 2024-இல் வேதியியல் நோபல் வாங்கினார்.) மறு ஆண்டு ஹார்வர்டில் டோனா ஆடிஸும் டேனியல் ஷாக்டரும், நோயில்லாத முதியவர்கள்கூட இளைஞர்களைவிடப் பழைய சம்பவத்தையும் வரப்போகும் சம்பவத்தையும் குறைந்த விவரத்தோடுதான் சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். இதற்கெல்லாம் முன்னாலேயே, 1996-இல், அதே வில்லியம்ஸ் தற்கொலை எண்ணம் உள்ளவர்களிடம், நினைவு எவ்வளவு பொதுவாக இருக்கிறதோ எதிர்காலமும் அவ்வளவு பொதுவாகவே வருகிறது என்று எழுதியிருந்தார்.

இன்னொரு கண்டுபிடிப்பு குடும்பத்தாருக்கு மிகவும் தேவையானது. ஆண்ட்ரூ மெக்லியோட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், "அடுத்த வாரம், அடுத்த வருஷம் உங்களுக்கு நடக்கக்கூடிய நல்லதையும் கெட்டதையும் சொல்லிக்கொண்டே போங்கள்" என்று கேட்டு எண்ணிப் பார்த்தார். நம்பிக்கை இழந்தவர்களிடம் கெட்டது அதிகமாக வரும் என்றுதான் நாம் நினைப்போம். பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் அது இல்லை. நல்லது குறைவாக வந்தது. இதைப் புரிந்துகொண்டால் அம்மாவிடம் பேசும் முறையே மாறிவிடும். "ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதே" என்று நீங்கள் சொல்வது அம்மாவிடம் இல்லாத பயத்துக்குப் பதில். "இனிமே என்ன இருக்கு" என்பவர் விபரீதம் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்க ஒன்றுமே தோன்றவில்லை என்கிறார்.

அதற்காக, வயதானவர் எதிர்காலம் பற்றிப் பேசாவிட்டாலே நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டான்போர்டின் லாரா கார்ஸ்டென்சன் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் தூரத்துத் திட்டங்களை விட்டுவிட்டு நெருங்கிய மனிதர்கள், இன்றைய சந்தோஷம் என்று சுருக்கிக்கொள்கிறார்கள், அதில் நிம்மதியாகவும் இருக்கிறார்கள். "நல்லா வாழ்ந்துட்டேன், கூப்பிட்டா போக ரெடி" என்று ஒரு தாத்தா சொல்லிவிட்டு, "காபி ஏன் ஆறிக் கிடக்கு? பேத்தி பரீட்சை என்னாச்சு?" என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை. இன்றைய விஷயத்தில் ருசி இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. காபி ஆறியதும் தெரியவில்லை, பேத்தி வந்து நின்றாலும் முகத்தில் மாற்றமில்லை, "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்" என்று அடிக்கடி வருகிறது என்றால் அது வேறு.

லேசானதுதானே என்று விடவும் முடியாது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்தவருக்கு மருந்தைவிடப் பெரிய மருந்து எழுந்து நடப்பது. பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கரை நீட்டும்போது வலியைப் பொறுத்துக்கொண்டு பத்து அடி வைக்க ஒரு காரணம் வேண்டுமே? வீட்டுக் கொல்லைப்புறம் வரை தானே நடந்துபோவது மனசில் தெரிந்தால்தான் இன்றைய பத்தடிக்கு அர்த்தம். அது தெரியாதவர் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். நாலு நாள் நாளைக்குப் போனால் தசை கரையும், படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும்.

என்ன செய்யலாம்? ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மூச்சுத் திணறலுக்காகச் சேர்ந்தவர். வேலை பார்த்த காலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன சொல்றது. தினமும் அதே ரூட்டு. ஜனங்க ஏறுவாங்க, இறங்குவாங்க."

"சந்தோஷமா இருந்த ஒரு நாள் சொல்லுங்க ஐயா."

"அப்போல்லாம் நல்லாத்தான் இருந்தது."

இந்த இடத்தில் "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். "பையில டிக்கெட் தீர்ந்துபோய் மாட்டிக்கிட்டது உண்டா?" என்றேன். கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை. சித்ரா பௌர்ணமி, திருவண்ணாமலை ஸ்பெஷல். செங்கம் வர்றதுக்குள்ள பெரிய டிக்கெட்டுக் கட்டு காலி. ரெண்டு சின்ன டிக்கெட்டா கிழிச்சுக் கொடுக்கறேன், ஒரு அம்மா சண்டைக்கு வந்துடுச்சு. நான் ஒரு ஆளு, எதுக்குய்யா ரெண்டு டிக்கெட்டுன்னு." சொல்லும்போதே கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இடது கையில் இல்லாத கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்தார். "அப்புறம் அந்தம்மாவே கூட இருந்தவங்களுக்கு எல்லாம் விளக்கம் சொல்லிக்கிட்டு வந்துச்சு."

அதே உரையாடலில் பிறகு, வீட்டுக்குப் போனதும் என்ன என்று கேட்டதற்கு "கட்டில்ல கிடக்கணும்" என்றவர், பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எடுத்ததும், "பையன் போன்லயே முடிச்சிடலாம்ங்கறான். நான் நேர்ல போகணும். எங்க செட்டு ஆளுங்க எல்லாம் அங்கதான் வருவாங்க" என்றார். அந்த ஆபீஸ் வாசலில் எத்தனை படி என்று கேட்டேன். மூன்று என்றார். அன்று சாயங்காலமே பிசியோதெரபிஸ்ட்டிடம், மூச்சு வாங்காமல் மூன்று படி ஏறுவதுதான் ஐயாவுக்கு இலக்கு என்று சொல்லிவிட்டோம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை, முறை இருக்கிறது. 2004-இல் ஸ்பெயினில் செரானோ என்பவரும் குழுவினரும், மனச்சோர்வு அறிகுறிகள் உள்ள முதியவர்களுக்கு நான்கு வாரம், வாரம் ஒருமுறை, குழந்தைப் பருவம், வாலிபம், குடும்ப வாழ்க்கை என்று வரிசையாகக் குறிப்பான சம்பவங்களை நினைவுகூரும் பயிற்சி கொடுத்தார்கள். குறிப்பான நினைவுகள் கூடின, மனச்சோர்வும் நம்பிக்கையின்மையும் குறைந்தன. சின்ன ஆய்வுதான். ஆனாலும் நினைவைத் தொட்டால் எதிர்காலம் அசைகிறது என்பதை அது காட்டியது.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்று இருக்கிறது. கோவாவில், 60 வயதுக்கு மேற்பட்ட, லேசான மனச்சோர்வு அறிகுறிகள் மட்டும் இருந்த 181 பேரில் ஒரு பாதிக்கு, டாக்டரோ உளவியலாளரோ அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் சில அமர்வுகள் கொடுத்தார்கள். அன்றாடப் பிரச்சினை ஒன்றை எடுத்து அதைச் சின்னச் சின்னப் படியாக உடைப்பது, தூக்கத்தைச் சரிசெய்வது, சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்வது, கிடைக்கக்கூடிய அரசு உதவிகளுக்கு வழிகாட்டுவது, அவ்வளவுதான். 2019-இல் வந்த முடிவு: ஓராண்டில் முழுமையான டிப்ரஷனுக்குள் போனவர்கள் அந்தக் குழுவில் சுமார் 4 சதவீதம், மற்றதில் சுமார் 14 சதவீதம். அவர்கள் உள்நோயாளிகள் அல்ல என்பது உண்மை. ஆனாலும் லேசான கட்டத்திலேயே கை கொடுத்தால் பலன் இருக்கிறது, அதைக் கொடுக்கப் பெரிய பட்டம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அம்மாவிடம் "பழசெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். முதல் பிரஷர் குக்கர் எப்போது வாங்கினார், அதில் முதலில் என்ன சமைத்தார், விசில் வந்தபோது யார் பயந்தார்கள். பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுபோய், அதை எடுத்த அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு வேறொன்று. சோகமான சம்பவம் வந்து கண் கலங்கினால் உடனே பேச்சை மாற்ற வேண்டாம், கூட உட்கார்ந்திருங்கள். வருகிற ஒவ்வொரு உறவுக்காரரும் "நான் யாரு, சொல்லு பாப்போம்?" என்று பரீட்சை வைப்பார்களே, அதை மட்டும் தயவுசெய்து வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே வரும்போதே "அத்தை, நான் மீனா, உங்க தம்பி மக" என்று சொல்லிவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும்?

எதிர்காலத்துக்கும் அதே அளவுதான். "நல்லாயிட்டா எல்லாரும் திருச்செந்தூர் போகலாம்" என்பது அம்மாவுக்கு எட்டாத தூரம். நாளை சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து காபி, வியாழக்கிழமை தலைக்குக் குளித்துப் பின்னல் போடுவது, வீட்டுக்குப் போன முதல் நாள் யார் சமையல், என்ன குழம்பு என்ற அளவில் பேசுங்கள். முடிவை அம்மாவிடம் விடுங்கள். "புளிக்குழம்பு வேண்டாம், மோர்க்குழம்பு வை" என்று சொல்லிவிட்டாலே அது ஒரு எதிர்காலம்தான். நடந்து முடிந்ததும் மறுநாள் அதைப் பற்றியே பேசுங்கள், அப்போதுதான் வார்டு நாட்களில் ஒன்றாவது தனியாக நிற்கும். பெரிய எழுத்துக் காலண்டரும் கடிகாரமும் கண்ணில் படும்படி வையுங்கள். பகலில் ஜன்னல் பக்கம் உட்காரவையுங்கள், ராத்திரியில் தூங்க விடுங்கள். ராத்திரி கூட இருக்கும் அட்டெண்டரிடமும் இதையெல்லாம் சொல்லிவையுங்கள். அம்மாவோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

மாத்திரை பற்றி. லேசான மனச்சோர்வுக்கு முதல் அடியே மாத்திரையாக இருக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய பொதுவான மருத்துவப் போக்கு. முன்பு பெரிய டிப்ரஷன் வந்திருந்தால், சில வாரம் கழித்தும் குறையாவிட்டால், சாப்பாடும் நடையும் நின்றுபோனால் டாக்டர் தொடங்கலாம், தவறில்லை. அப்போது பலன் தெரியச் சில வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகலாம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும்; சோடியம் குறைந்தால் குழப்பமும் சோர்வும் கூடும். எனவே "தொடங்கிய பிறகு சோடியம் எப்போது பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஆஸ்பிரின் போன்றவை சாப்பிடுகிறவர் என்றால் ரத்தக்கசிவு பற்றியும் கேளுங்கள். தூக்கத்துக்கு என்று அல்பிரசோலம், குளோனசிபாம் ஓடுகிறதா, வலிக்கு அமிட்ரிப்டிலின் இருக்கிறதா, சளிக்கு ஒவ்வாமை மாத்திரை இருக்கிறதா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். இவை ஞாபகத்தை மங்கவைக்கும், மறுபடி விழவும் வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், சிலவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். தைராய்டும் வைட்டமின் பி12-உம் பார்த்தார்களா? பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரைக்காரர்களுக்கு பி12 குறைவது சகஜம், அது மறதியாகவும் சோர்வாகவும் காட்டும்.

காத்திருக்கக் கூடாத கட்டம் ஒன்று உண்டு. "செத்துப்போனா தேவலை" என்று அம்மா சொன்னால் அதட்டவும் வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். "சாகணும்னு நினைப்பு வருதா, ஏதாவது செஞ்சுக்கலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றாலோ, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பதாகத் தெரிந்தாலோ, வேண்டுமென்றே சாப்பாட்டையும் மருந்தையும் மறுத்தாலோ தனியாக விடாமல் அன்றைக்கே மனநல டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் களைத்துப்போனாலும் அதே எண்ணைக் கூப்பிடலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த மனச்சோர்வுக் கேள்விகளின் மதிப்பெண்ணையும் ஞாபகச் சோதனை மதிப்பெண்ணையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். சுமார் மூன்று மாதம் கழித்து, அம்மா வீட்டில் நடமாடி, தூக்கமும் சாப்பாடும் ஒரு நிலைக்கு வந்த பிறகு, கண்ணாடியும் காது மெஷினும் போட்டுக்கொண்டு, முடிந்தால் அதே சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். மனசு தெளிந்து ஞாபகமும் ஏறியிருந்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மனசு தெளிந்தும் ஞாபகம் அப்படியே நின்றாலோ இறங்கியிருந்தாலோ நரம்பியல் டாக்டரிடமோ முதியோர் மருத்துவத் துறையிலோ காட்டுங்கள். அப்போது இந்த வார்டு மதிப்பெண் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு உதவும்.